சீரம் கண் சொட்டு மருந்து பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ரத்தப் புற்றுநோய்க்காகப் போன வருடம் என் தம்பிக்கு என்னுடைய ஸ்டெம்செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்கள்) ஏற்றினார்கள். நோய் அடங்கிவிட்டது. ஆனால் ஏழெட்டு மாதம் கழித்து, கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தல், சிவப்பு. ஜன்னலைத் திறந்தாலே கூசுகிறது என்கிறான். என் செல்கள் அவன் கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குவதால் வந்த வறட்சியாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரை மணிக்கொரு தடவை விட்டும் போதவில்லை. அப்புறம், அவன் ரத்தத்திலிருந்தே சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பிரித்து 20 சதவீதச் சொட்டு மருந்தாகத் தரலாம் என்றார் டாக்டர். ஃப்ரீசரில் வைக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும். நீங்கள் எப்படிப் பாதுகாத்தீர்கள்? எத்தனை நாளில் உறுத்தல் குறைந்தது? ஸ்க்லீரல் லென்ஸ் (கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய கான்டாக்ட் லென்ஸ்) போட்டவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.