புதுப்பிப்பு: திருப்பத்தில் விக்கிய பழைய ஆல் வீல் டிரைவ் செடான்

என் பழைய ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும்) செடான் சூடான பிறகு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால் யாரோ பிரேக்கைப் பிடித்த மாதிரி விக்கி விக்கி நகர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பலர் கேட்டீர்கள். நல்லவேளை, அது இல்லை.

முதலில் டயர்களை அளந்தேன். பின்னால் இரண்டும் புதிது, முன்னால் இரண்டும் 2 மி.மீ. கூடுதலாகத் தேய்ந்தவை. 2 மி.மீ. அற்பமாகத் தெரியும். ஆனால் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 12.5 மி.மீ. வித்தியாசம் வரும்! அதனால் முன், பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியலின் விஸ்கஸ் கப்ளிங் (சிலிகோன் திரவத்துக்குள் தட்டுகள் சுழன்று அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைத்திருக்கிறது. சிலிகோன் திரவம் வெந்து கெட்டு, தட்டுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டன. கழற்றியபோது கப்ளிங்கின் உறை ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. பார்க்கவே மனசு கஷ்டமாகிவிட்டது.

கப்ளிங்கை மாற்றி, ஒரே மாதிரி நான்கு டயர் போட்டாச்சு. இப்போது முழு ஒடிப்பிலும் விக்காமல் சுலபமாகத் திரும்புகிறது.

பெரிய டர்போ போடும் திட்டம் தள்ளிப்போகிறது. அதற்கு முன்னால், பின்பக்க சஸ்பென்ஷன் புஷ்களை (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்களை) மாற்ற வேண்டும். ரப்பர் எல்லாம் வெடித்துக் கிடக்கிறது.