சூடேறினால் நின்றுவிடும் அம்பாசடர்: பெட்ரோல் கோளாறா, காயில் கோளாறா?

வணக்கம். என் தந்தையார் வாங்கிய 1986ஆம் ஆண்டு அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் வண்டியைச் சேலத்தில் ஓட்டி வருகிறேன். கடந்த ஏப்ரல் முதல், 40 நிமிடம் ஓடி எஞ்சின் நன்கு சூடேறிய பின், சிக்னலில் நின்றாலோ ஏற்காடு மலைப்பாதையில் ஏறினாலோ இரண்டு மூன்று முறை குலுங்கி அணைந்துவிடுகிறது. பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. வெப்பமானி முள் இயல்பான இடத்தில்தான் நிற்கிறது.

பிளக்கில் தீப்பொறி எழச் செய்யும் காயில், கண்டன்சர், பாயின்ட் மூன்றையும் மாற்றி, பாயின்ட் இடைவெளியை 0.015 அங்குலமாக வைத்தாயிற்று. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் ரப்பர் குழாய்களும் புதியவை. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டியும் பயனில்லை.

கடைசியாக நின்றபோது கண்ணாடி ஃபில்டரில் வெறும் குமிழிகளே தெரிந்தன. பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றியதும் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் உயிர்பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய முறை ஃபில்டர் நிறைந்திருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி மஞ்சளாக நலிந்திருந்தது, காயிலில் சூட்டால் கை வைக்க முடியவில்லை. பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டர், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலேயே இருப்பதாலும், எத்தனால் கலந்த பெட்ரோலை இப்போது போடுவதாலும், பெட்ரோல் ஆவியாவதாகவே நினைக்கிறேன். ஆயினும் அந்த மஞ்சள் பொறியை ஒதுக்க மனம் வரவில்லை.

வண்டி நின்ற அந்த நிமிடமே, சாலையோரத்தில் வைத்து, கோளாறு பெட்ரோலிலா பொறியிலா என்று உறுதியாகப் பிரித்தறிய எந்தச் சோதனையை முதலில் செய்ய வேண்டும்?