மறு: ‘லிங்க் ஃபிளாப்பிங்’ – தமிழ்ச் சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘இணைப்புத் துண்டிப்பு’ என்றே எழுதிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

இதில் எனக்கு உடன்பாடில்லை. துண்டிப்பு என்றால் போனது போனதுதான். ‘லிங்க் ஃபிளாப்பிங்’கில் நெட்வொர்க் இணைப்பு போகிறது, தானே வருகிறது, மறுபடி போகிறது. பழுது தேடுபவருக்கு இரண்டும் வேறுவேறு நோய்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடி அறைக்கு 2.5 கிகாபிட் நெட்வொர்க் சுவிட்ச் (பல கருவிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) வைத்த நாளிலிருந்து வீடியோ அழைப்புகள் பாதியில் நின்றன. ரவுட்டர்மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போயிற்று. அப்புறம் லினக்ஸில் dmesg பதிவை (கணினியின் உள்நிகழ்வுகள் வரிசையாகப் பதிவாகும் பட்டியல்) பார்த்தால், ‘லிங்க் இஸ் டவுன்’, சில நொடியில் ‘லிங்க் இஸ் அப்’ என்று வரிசையாக நின்றது. சில தடவை இணைப்பு 100 மெகாபிட்டில் திரும்பியிருந்தது. அந்த 100தான் துப்பு. லேன் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளில் 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கும் 2.5 கிகாபிட்டுக்கும் நான்கும் வேண்டும். சுவர் சாக்கெட்டைத் திறந்தேன். பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி தொட்டும் தொடாமலும் இருந்தது. போதாததற்கு, 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாத ஜோடிக் கம்பிகளின் முறுக்கை நான்கு சென்டிமீட்டருக்குப் பிரித்து வைத்திருந்தார்கள். கம்பிகளைச் சாக்கெட்டில் புதிதாகப் பொருத்திய பிறகு இணைப்பு ஒருமுறைகூட விழவில்லை. கேபிள் பழைய கேட்5இ வகைதான். 2016இல் வந்த 2.5 கிகாபிட் தரத்துக்கு 100 மீட்டர்வரை அதுவே போதும்.

இனி, ‘லிங்க் ஃபிளாப்பிங்’குக்கு நண்பர்கள் இங்கே முன்மொழிந்த சொற்கள். ‘படபடப்பு’ என்றதும் நமக்கு நெஞ்சுதான் நினைவுக்கு வரும். ‘ஊசலாட்டம்’ இயற்பியலில் சீரான அசைவுக்கு ஊன்றிவிட்ட சொல். இதில் சீர் எதுவும் கிடையாது. ‘இமைப்பு’ எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் நலமாக இருக்கும் போர்ட்டின் (கேபிள் செருகும் இடம்) விளக்கும் தரவு ஓடும்போது இமைக்கும். படிப்பவர் குழம்பிப்போவார்.

நான் முன்வைப்பது: விட்டிணைவு.

மழை விட்டு விட்டுப் பெய்கிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்கிறோம் அல்லவா? அந்த ‘விட்டு’ தான். விட்டு + இணைவு, உகரம் கெட்டு விட்டிணைவு. எனக்கு முக்கியமாகப் படுவது, இது வினையாகவும் நடக்கும்: விட்டிணைகிறது, விட்டிணைந்தது. பெயராக மட்டும் நிற்கும் கலைச்சொற்கள் மென்பொருள் மொழிபெயர்ப்பில் நம்மைப் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும்.

ஒரு குறை உண்டு. சின்ன எழுத்தில் ‘வீட்டிணைவு’ என்று படித்துவிடலாம். அதுவும் வீட்டு நெட்வொர்க் பற்றிய பக்கத்தில்! அதற்காக ‘அறுந்திணைவு’ என்றும் யோசித்தேன். ஆனால் அறுந்தது என்றதும் ஆள் கேபிளைத்தான் தேடுவார். சில நெட்வொர்க் கார்டுகளில் ஈதர்நெட்டின் மின்சேமிப்பு வசதியை அணைத்தாலே இந்தத் தொல்லை நின்றுவிடுகிறது. அங்கே கம்பியில் ஒரு பழுதும் இல்லை. ஆகவே ‘விட்டு’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ரவுட்டர் இடைமுகத்தில் இப்படி வரும்:

“போர்ட் 3 கடந்த ஒரு மணி நேரத்தில் 14 முறை விட்டிணைந்தது. கேபிளின் இரு முனைகளையும் சரிபார்க்கவும்.”

உரக்கப் படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள். வேகம் தானாக 100க்கு இறங்குவதற்கும் ஒரு சொல் வேண்டும். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

அன்புடன்