ராத்திரி சீனியரைக் கூப்பிடவே பயப்படுகிறோம், என்ன செய்யலாம்?

சொந்த ஊர் காரைக்குடி. வெளியூரில் டி.எம். (எம்.டி.க்குப் பிந்தைய சிறப்பு மருத்துவப் படிப்பு) குழந்தைகள் தீவிர சிகிச்சை, 3 வருடப் படிப்பில் 2ஆம் வருடம். ராத்திரி கன்சல்டன்ட்டை (பொறுப்பிலுள்ள சீனியர் டாக்டரை) கூப்பிட்டால் மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் நக்கல்தான். போன மாதம் டெங்கு ஷாக்கில் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) வந்த குழந்தைக்கு சலைன் ஏற்றியும் பல்ஸ் பிரஷர் (பி.பி.யின் மேல், கீழ் எண்களின் வித்தியாசம்) 20-ஐத் தாண்டவில்லை, அது ஆபத்தான அளவு. அப்போதும் முதல் வருட ஜூனியர் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். (குழந்தை பிழைத்துவிட்டது.)

துறைத்தலைவரிடம் தனியாகப் பேசினேன். “நாங்களும் இப்படித்தான் படிச்சோம்” என்றார். இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் டியூப் போடுவது), இரண்டாவது இனோட்ரோப் (இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்து) என்று கட்டாயம் அழைக்க வேண்டிய நேரங்களை எழுதி நர்ஸ் மேசையில் ஒட்டினேன், யாரோ கிழித்துவிட்டார்கள். ஒரு குழந்தை இறந்தால் கூடிப் பேசலாமே என்றேன், நேரமில்லையாம். இப்போது லீவில் வீட்டில் இருக்கிறேன். போன் அடித்தாலே திடுக்கிடுகிறேன், அப்பத்தா மந்திரிக்கக் கூப்பிடுகிறார்!

கூச்சமில்லாமல் சீனியரைக் கூப்பிடும் பழக்கத்தை உங்கள் பிரிவில் எப்படிக் கொண்டுவந்தீர்கள்?