மூணு வருஷம் என் உடம்பைத்தான் சோதிச்சாங்க – உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஈரோடு பக்கம், பெண், 33

முடிவை முதல்லயே சொல்லிடறேன். பாப்பாவுக்கு இப்ப ஒன்றரை வயசு. அதைச் சொல்லிப் பெருமைப்பட இதை எழுதலை. நடுவுல போன மூணு வருஷத்துக்காக எழுதறேன்.

கல்யாணமாகி ஆறாம் மாசமே "விசேஷம் ஏதாச்சும் உண்டா?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு வருஷம் தாண்டினதும் அத்தை, கைராசியான டாக்டர்னு ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. தைராய்டு, புரோலாக்டின், ஏஎம்ஹெச்னு வரிசையா ஹார்மோன் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாங்க. அப்புறம் முட்டை வளர்றதைப் பார்க்கிற ஃபாலிக்குலர் ஸ்டடி. தலைக்கு ஊத்தின ஒன்பதாம் நாள்ல இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ளே விட்டுப் பார்க்கிற ஸ்கேன். காலைல ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சு, டோக்கன் வாங்கி, பத்து மணிக்கு உள்ளே போனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். "முட்டை 14 எம்எம், நாளான்னைக்கு வாம்மா." 18, 20 எம்எம் ஆனதும் ஒரு ஊசி. மறுபடி போனா, "வெடிச்சிருச்சு, ரெண்டு நாள் சேர்ந்திருங்க"ன்னு சிஸ்டர் எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லுவாங்க. பதினொரு மாசம் இப்படியே ஓடுச்சு. முட்டை வர்ற கருக்குழாய் டியூப்ல மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தாங்க பாருங்க, அந்த வலியை இங்கே பலருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு டியூபும் திறந்திருந்துச்சு. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா மருந்து மட்டும் எனக்கே.

அவருக்கு விந்துப் பரிசோதனை எழுதிக் குடுக்காம இல்லைங்க. எழுதிக் குடுத்தாங்க. மாமனார் காதுல அது விழுந்ததும் "எங்க வம்சத்துல அந்தக் குறை கிடையாது"ன்னு ஒரே வார்த்தை. இவர் அந்தச் சீட்டை நாலா மடிச்சுப் பர்ஸ்ல, முருகன் படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டார். வேற டாக்டர்கிட்ட மாறினப்ப அந்தம்மா என் ஃபைலைப் பிரிக்கவே இல்லை. "அவரோட ரிப்போர்ட் எங்கே?"ன்னாங்க. அப்பத்தான் பர்ஸ்ல இருந்து சீட்டை எடுத்தார். மடிப்புல கிழிஞ்சு, மை முருகன் படத்துல ஒட்டியிருந்துச்சு. தேதி பதினாலு மாசத்துக்கு முந்தினது.

அதுக்கப்புறம் டெஸ்ட் எடுத்தா, விந்தணு கவுன்ட் 4 மில்லியன். நீந்துற அணுக்கள் அதுலயும் கொஞ்சம்தான். வேரிகோசீல், அதாவது விதைப்பையில ரத்தக்குழாய் சுருண்டு வீங்கிக் கிடக்குதுன்னு சொல்லி ஒரு சின்ன ஆபரேஷன். புது அணு உருவாகி முதிர ரெண்டரை மாசம் போல ஆகும், அதனால மூணு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் பார்ப்போம்னாங்க. அப்ப 14 வந்துச்சு. ரெண்டாவது ஐயூஐ-ல, அதாவது அணுவைக் குழாய் வழியா கருப்பைக்குள்ள விடற முறைல, நின்னுச்சு. எல்லாருக்கும் இந்த ஆபரேஷன் பலன் தரும்னு நான் சொல்ல வரலை. எங்க அக்கா வீட்டுக்காரருக்குத் தரலை.

இருக்கிற டெஸ்ட்லயே அதிகச் செலவில்லாதது, ஊசி இல்லாதது, வலிக்காதது விந்துப் பரிசோதனைதான். அதை ஏன் கடைசியா எடுத்தோம்? குழந்தை நிக்காத ஜோடிகள்ல ஏறக்குறைய பாதிக்கு ஆம்பளை பக்கமும் காரணம் இருக்குமாம். உங்க வீட்ல யாருக்கு முதல்ல எடுத்தீங்க?

கோவை, ஆண், 31

உங்க வீட்டுக்காரர் பரவாயில்லைங்க, 4 இருந்துச்சு. எனக்கு ஜீரோ.

ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் என் கையைப் பார்த்தார். "ஜிம்முக்குப் போறீங்களா? ஊசி ஏதாவது?" பொய் சொல்லலாம்னு நினைச்சேன், பக்கத்துல மனைவி. டெஸ்டோஸ்டிரோன் எட்டு மாசம் போட்டிருந்தேன். ஆம்பளைத்தன்மைக்குன்னு போட்ட ஊசி! வெளியில இருந்து ஹார்மோன் வந்தா, மூளை "இங்கே போதுமான அளவு இருக்கு"ன்னு விதைப்பைக்குச் சொல்லி அனுப்புறதை நிறுத்திடுமாம். அதுவும் தூங்கிடுமாம். ஊசியை நிறுத்தி, அவர் குடுத்த மருந்து சாப்பிட்டு, அணு எட்டிப் பார்க்கவே பத்து மாசம் ஆச்சு. அந்தப் பத்து மாசத்துல என் தங்கச்சி வளைகாப்புல என் மனைவியை வளையல் போட விடலை. காரணம் நான்தான்னு சபைல எழுந்து சொல்லியிருக்கணும். சொல்லலை.

மதுரை, லேப் டெக்னீஷியன், 20 வருஷ சர்வீஸ்

நான் அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். இந்த டெஸ்டுக்கு வர்றவங்க கவுன்டர்ல வாயே திறக்க மாட்டாங்க, சீட்டை மட்டும் தலைகீழா நீட்டுவாங்க. நாங்களும் மனுசங்கதான், ஒரு நாளைக்கு எத்தனையோ பார்க்கிறோம், கூச்சமே வேணாம்.

ரெண்டுல இருந்து ஏழு நாள் வரைக்கும் விந்து வெளியேறாம இருந்துட்டு வரணும். ஒருநாள் இடைவெளில வந்தாலும் தப்பா காட்டும், பத்து நாள் சேர்த்து வெச்சு வந்தாலும் தப்பா காட்டும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. கடைல விக்கிற சாதாரண ஆணுறைல பிடிச்சுட்டு வரவே கூடாது. முதல்ல வர்ற பகுதிலதான் அணு அதிகம். அது கீழே சிந்திட்டா மறைக்காம சொல்லிடுங்க, திட்ட மாட்டோம், இன்னொரு நாள் வரச் சொல்லுவோம்.

லேப் பாத்ரூம்ல முடியலைன்னா வீட்ல எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வரலாம், ஆனா முதல்ல கேட்டுக்கோங்க. டப்பாவைச் சட்டைக்கு உள்ளே, உடம்புச் சூட்டுல வெச்சுக் கொண்டு வரணும். ஒருத்தர் திருமங்கலத்துல இருந்து ஃபிளாஸ்க் நிறைய ஐஸ்கட்டி போட்டு, அதுக்குள்ளே டப்பாவை வெச்சுப் பத்திரமா கொண்டு வந்தார். "கெட்டுப்போகக் கூடாதுல்ல சார்!" அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிக்க மனசு வரலை.

ஒரே ரிப்போர்ட்டை வெச்சு அழாதீங்க. கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலே ரெண்டு மூணு மாசத்துக்குக் கவுன்ட் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல போட்ட கணக்குப்படி ஒரு மில்லிக்கு 16 மில்லியன் கீழ்வரம்பு. அதுக்கு முன்னாடி 15. சில லேப் இன்னும் 20-னு அச்சடிச்ச பழைய தாள்லயே குடுக்கிறாங்க. 17 வந்துட்டு "குறைவு"ன்னு எழுதியிருந்தா அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாதீங்க. 16-க்குக் கீழே வந்தா குழந்தையே பிறக்காதுன்னும் அர்த்தமில்லை.

தஞ்சாவூர், பெண், 39

எல்லாரும் குழந்தை வந்த கதையைச் சொல்றீங்க. வராத கதையும் ஒண்ணு இருக்கட்டும்.

எங்களுக்கு ரெண்டு பேருக்கும் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். அதுவே ஒரு வியாதி மாதிரி, திட்ட ஒரு காரணம்கூடக் கிடையாது. திருக்கருகாவூர் நெய் சாப்பிட்டேன். "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்"னு மாமியார் சொன்னதுக்கு ஆறு நாள் விரதமும் இருந்தேன். நம்பிக்கை இல்லாம இல்லை, இப்பவும் கர்ப்பரட்சாம்பிகை படம் பூஜை அலமாரில இருக்கு. கூடவே ஐவிஎஃப், அதாவது டெஸ்ட் டியூப் குழந்தை முறை, மூணு தடவை. கரு வெச்சுட்டு ரெண்டு வாரம் படியேற பயந்து ஹால்லயே படுத்தேன், அப்படிப் படுக்க வேண்டியதே இல்லைன்னு மூணாவது தடவைதான் ஒரு டாக்டர் சொன்னாங்க. மூணு தடவையும் பீட்டா டெஸ்ட், அதான் கர்ப்பம் பார்க்கிற ரத்தப் பரிசோதனை, நெகட்டிவ். மூணாவதுக்கு என் ஆரத்தை வித்தோம்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். எத்தனை தடவை, எவ்வளவு பணம்னு புருஷனும் பொண்டாட்டியும் முதல் ஊசிக்கு முன்னாடியே பேசி ஒரு தாள்ல எழுதிக்கோங்க. நடுவுல எழுத முடியாது. "இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்"ங்கிற வார்த்தைக்கு அந்த நேரத்துல யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது.

இப்ப மத்திய அரசோட தத்தெடுப்பு அமைப்பான 'காரா'வுல தத்துக்குப் பதிவு பண்ணியிருக்கோம். ரெண்டு வயசுக்குள்ள குழந்தைன்னா தம்பதி ரெண்டு பேர் வயசும் கூட்டி 85-ஐத் தாண்டக் கூடாது. எங்களுக்கு 82. நாலு வருஷம் முன்னாடியே பதிஞ்சிருக்கலாம். வீட்டைப் பார்க்க சமூகப் பணியாளர் வந்தப்ப, அலமாரில இருந்த நெய் டப்பாவைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்கலை. நல்ல பொண்ணு.

புதுக்கோட்டை, பெண், 26

அக்கா, எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம். அவர் குவைத்துல. வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு. ஊர்ல மலடிங்கிற வார்த்தை வரைக்கும் வந்தாச்சு. நான் ஐவிஎஃப்புக்குப் போகணுமா?

ஈரோடு பக்கம், பெண், 33

தங்கச்சி, நாள்காட்டில ரெண்டு வருஷம். நீங்க சேர்ந்திருந்தது ரெண்டே மாசம். 35 வயசுக்குள்ள இருக்கிறவங்க ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் நிக்கலைன்னாத்தான் டாக்டர்கிட்ட போகச் சொல்றாங்க, 35 தாண்டினா ஆறு மாசம். மாசமாசம் ஒழுங்கா வரலைன்னா மட்டும் காத்திருக்காம போயிடு.

முட்டை வெளிவர்றது அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னாடி. 28 நாள் சுத்துன்னா பதினாலாம் நாள் கிட்ட, 35 நாள் சுத்துன்னா 21 கிட்ட. முட்டை ஒருநாள்தான் தாங்கும், அணு அஞ்சு நாள் வரைக்கும் உள்ளே உயிரோட இருக்கும். அதனால முட்டை வர்ற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும்தான் முக்கியம். அந்த நாளுங்க லீவுக்குள்ள வர்ற மாதிரி டிக்கெட் போடச் சொல்லு. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டரையோ நர்ஸம்மாவையோ கேட்டு இப்பவே ஆரம்பி. அப்புறம் அவர் வந்த முதல் வாரத்துலயே அந்த டெஸ்டையும் எடுத்துடுங்க. லீவு முடியற கடைசி நாளுக்குத் தள்ளாதே.

புதுக்கோட்டை, பெண், 26

வர்ற வெள்ளிக்கிழமை வர்றார் அக்கா. போன்ல சொன்னேன், கொஞ்ச நேரம் பேசலை, அப்புறம் "சரி"ன்னார். டப்பா மெடிக்கல்ல வாங்கணுமா?

மதுரை, லேப் டெக்னீஷியன்

லேப்லயே குடுப்பாங்கம்மா. ஐஸ் மட்டும் வேணாம்.