தறிக்குழியிலிருந்து கேட்ட கார்ட்டூன் குரல்கள்: அப்பா சொன்னது சரியா?

கேள்வி: தறிவீடு (குகை, சேலம்)

வணக்கம். சேலம் குகைப் பகுதியில் நெசவாளர் வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குள் இருக்கும் ஒரு கேள்வியைப் பழைய கார்ட்டூன் தொடர்களை நன்கு அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் தறி இருந்த அறைக்கும் தொலைக்காட்சி இருந்த கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான் உண்டு. 1990களின் கடைசியில் கேபிள் இணைப்பு வந்ததும், பள்ளி விட்டு வந்த கையோடு நானும் தங்கையும் கார்ட்டூன் நெட்வொர்க்கின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அப்போது எல்லாம் ஆங்கிலத்தில்தான் வந்தன. எங்களுக்கு ஆங்கிலம் புரியாது; அப்பாவுக்கும் புரியாது. அவர் குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்து, கண்ணைப் பாவின் மீது வைத்துப் பட்டுப் புடவை நெய்துகொண்டிருப்பார். ஓர் இழை அறுந்தாலும் உடனே பார்த்து முடிச்சுப் போட வேண்டிய வேலை அது. எழுந்து வந்து எட்டிப் பார்க்க முடியாது. அதனால் நாங்கள் பார்த்த கார்ட்டூன்கள் அத்தனையையும் அவர் ஆண்டுக்கணக்காகக் காதால் மட்டுமே கேட்டார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர், “அந்தப் பூனையும் கறுப்பு வாத்தும் ஒரே ஆள்தான், வாத்துக்கு மட்டும் டேப்பை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள்” என்று சொன்னார். பறவையைத் துரத்தும் சில்வெஸ்டர் பூனையையும் டாஃபி வாத்தையும் பற்றித்தான் அவர் பேசினார். தறியடியில் அவர் எப்போதும் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருப்பார். பேட்டரி தீரும் நேரத்தில் பாட்டு தொய்ந்து இழுப்பதும், புதிய பேட்டரி போட்டதும் நிமிர்வதும் அவருக்கு நன்றாகப் பழகியவை. நாங்கள் இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள் என்றார். மறுநாள் அப்படியே கேட்டுவிட்டுத் தங்கை அப்பா பக்கம் போய்விட்டாள். நான் மட்டும் கடைசிவரை மறுத்தேன்.

இப்போது அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் வலியால் தறியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று அவர் சொன்னது உண்மையா, உண்மையென்றால் அந்த மனிதர் யார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் காதில் தங்கிவிட்ட குரல்களைப் பற்றியும் எழுதினால் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

பதில் 1: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

உங்கள் அப்பா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அந்த மனிதரின் பெயர் மெல் பிளாங்க். 1908இல் பிறந்து 1989இல் மறைந்த அமெரிக்கர். சில்வெஸ்டருக்கும் டாஃபிக்கும் அவர் பேசியது ஏறக்குறைய ஒரே குரல்தான்; எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசும் அந்த இழுப்பும் இருவருக்கும் பொது. டாஃபியின் வசனத்தைப் பதிவு செய்த பிறகு வேகத்தைக் கூட்டினார்கள். பூனைக்கு அப்படிச் செய்யவில்லை. ஆங்கிலமே தெரியாத ஒருவர் சுவருக்கு அப்பாலிருந்து, தறி ஓசைக்கு நடுவே இதைப் பிரித்துக் கண்டுபிடித்தார் என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

பக்ஸ் பன்னி முயல், திக்கிப் பேசும் போர்க்கி பன்றி, மஞ்சள் குருவி ட்வீட்டி ஆகியவையும் அவர் குரல்களே. முயல் கேரட்டைக் கடிக்கும் ஓசைக்காக அவர் ஒலிவாங்கியின் முன்னால் உண்மையான கேரட்டையே கடித்தார். மென்று விழுங்கிக்கொண்டிருந்தால் அடுத்த வசனம் தவறிவிடும் என்பதால் கடித்ததைத் துப்பிவிட்டுப் பேசுவார்.

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பெரிய கார் விபத்தில் அவர் நினைவிழந்து, இரண்டு வாரங்களுக்கும் மேலாக யார் அழைத்தும் பதில் சொல்லாமல் கிடந்தார். கடைசியில் மருத்துவர் ஒருவர் அவரை அவர் பெயரால் அழைக்காமல் பக்ஸ் பன்னி என்று அழைத்து நலம் விசாரித்தபோது, அந்த முயலின் குரலில்தான் முதல் பதில் வந்தது. அப்போது பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் பார்னிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவரே. அவர் மருத்துவமனையில் இருந்தபோது டாஸ் பட்லர் என்ற மற்றொரு கலைஞர் சில பகுதிகளில் பார்னியாகப் பேசினார்; பிறகு உடல் முழுவதும் மாவுக்கட்டுடன் படுத்திருந்த பிளாங்கின் கட்டிலருகே ஒலிவாங்கியைக் கொண்டுபோய் வைத்துப் பதிவைத் தொடர்ந்தார்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1940களில் பிளாங்க் சம்பள உயர்வு கேட்டபோது தயாரிப்பாளர் மறுத்துவிட்டார்; அதற்கு ஈடாகத் திரையில் பெயர் போடும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அந்தப் படங்களில் பேசிய மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்கவில்லை. முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மருக்கு 1959இல் இறக்கும்வரை குரல் கொடுத்தவர் ஆர்தர் க்யூ. பிரையன், திரையில் பிளாங்கின் பெயர் மட்டும் வந்ததால் எல்மரும் அவர்தான் என்று நம்பியவர்கள் ஏராளம். வேட்டைக்காரன் வேறு ஆள் என்பதை உங்கள் அப்பா கவனித்திருந்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

பதில் 2: நாகலூர்க்காரன் (ஏற்காடு)

நாங்கள் மலைமேல் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். கேபிள் எங்கள் பக்கம் தாமதமாகத்தான் வந்தது. அதற்கு முன் தூர்தர்ஷன் மட்டுமே. சில்வர் ஓக் மரத்தில் குழாயைக் கட்டி அதன் உச்சியில் ஆன்டெனாவை நிறுத்தியிருப்போம். காற்று அடித்துத் திரும்பிவிட்டால் அண்ணன் மரமேறுவான், நான் வாசலில் நின்று வந்துவிட்டதா இல்லையா என்று கத்துவேன். மழைக்காலத்தில் படம் முழுக்கப் புள்ளிபுள்ளியாகிப் போனாலும் குரல் மட்டும் தெளிவாக வரும் நாட்கள் உண்டு. 1993இல் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த மௌக்லி தொடரின் பாதியை நாங்கள் அப்படிக் காதால்தான் பார்த்தோம்.

அந்தத் தொடர் 1989இல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் எடுத்தது. எங்களுக்கு வந்து சேர்ந்தது இந்திக் குரல்களுடன். தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் ஷேர்கான் புலி பேசத் தொடங்கினால் சிறு பிள்ளைகள் பெரியவர்களின் மடியருகே நகர்ந்துவிடுவார்கள். அந்தப் புலிக்குக் குரல் கொடுத்தவர் நடிகர் நானா படேகர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் தொடக்கப் பாடலை, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், காப்பிப் பழம் பறிக்கும் இடத்தில் வரிசையாக நின்று பாடியவர்கள் நாங்கள்.

கேபிள் வந்த பிறகு டாம் அண்ட் ஜெர்ரி. பேச்சே இல்லாத தொடர் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் டாம் பூனை வாலில் அடிபட்டு அலறும் அலறலை மறந்தவர் உண்டா? அதை அலறியவர் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான வில்லியம் ஹன்னாவேதான். 1957இல் அதைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியபோது ஹன்னாவும் அவருடைய கூட்டாளி பார்பெராவும் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அங்கே பணமும் நேரமும் குறைவு. எனவே உடலை அசைக்காமல் தலையையும் வாயையும் மட்டும் அசைத்து வேலையை முடித்தார்கள். யோகி கரடிக்குக் காலரும் டையும் இருப்பது அசையும் தலையும் அசையாத உடலும் சேரும் கோட்டை மறைப்பதற்காகத்தான். படம் அசையாதபோது கதையைச் சுமந்தவை குரல்களே: யோகிக்கு டாஸ் பட்லர், குட்டிக் கரடி பூபூவுக்கும் காவலர் ஸ்மித்துக்கும் டான் மெஸ்ஸிக். 1969இல் வந்த ஸ்கூபி டூ நாயும் மெஸ்ஸிக்கின் குரலே. பக்ஸ் பன்னி படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ் இத்தகைய தொலைக்காட்சிக் கார்ட்டூன்களைப் படம் போட்ட வானொலி என்று குறைகூறினார். அவர் குறையாகச் சொன்னதை நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அது வானொலியாகவும் இருந்ததால்தானே தறிக்குழியில் இருந்த உங்கள் அப்பாவுக்கும் மேகத்துக்குள் இருந்த எங்களுக்கும் எட்டியது?

பதில் 3: அஸ்தம்பட்டிப் பெண்

நான் சேலத்துக்காரி, சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகள் டப்பிங் பேசியவள். கேள்வியைப் படித்தவுடன் எழுத உட்கார்ந்தேன்.

கார்ட்டூனுக்குத் தமிழில் பேசுவது எளிது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும். தமிழில் கடைசியில்தான் வரும். திரையில் சுத்தியல் தலையில் விழும் நொடிக்குள் நம் வாக்கியத்தின் வினை விழுந்தாக வேண்டும். ஆகவே வசனம் எழுதுபவர் வாக்கியத்தையே திருப்பிப் போட்டு, தமிழ் கெடாமலும் பார்த்துக்கொள்கிறார். வாய் மூடும் இடத்தில் ‘ப’வோ ‘ம’வோ அமைந்துவிட்டால் பெரும் நிம்மதி. ஒரே நாளில் ஒருவரே அணிலாகவும் ஆசிரியையாகவும் பக்கத்து வீட்டுப் பையனாகவும் பேசுவது எங்களுக்கு வழக்கம். அலறல், இருமல், விழுவது போன்றவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்போம். முதலில் கத்திவிட்டால் மீதி வசனத்துக்குத் தொண்டை நிற்காது.

சிறுவர்களுக்குப் பெண்கள் பேசுவதைப் பலர் வியப்பார்கள். சிறுவனையே பேசவைத்தால் சில ஆண்டுகளில் குரல் உடைந்துவிடும். தொடரோ அதற்குப் பிறகும் ஓடும். ஜப்பானில் டோராமானுக்கு 1979 முதல் 2005 வரை குரல் கொடுத்தவர் நொபுயோ ஓயாமா என்ற பெண்மணி. டிராகன் பால் தொடரின் நாயகன் கோகுவாக 1986 முதல் பேசிவரும் மசாகோ நொசாவாவும் பெண்தான். டெக்ஸ்டர் என்ற அந்தக் கண்ணாடிச் சிறுவனின் ஆங்கிலக் குரல் கிறிஸ்டின் கவனாவுடையது. தமிழில் நானும் நிறையச் சிறுவர்களாகப் பேசியிருக்கிறேன்.

2007இல் சுட்டி டிவி தொடங்கிய பிறகு வளர்ந்த பிள்ளைகளிடம், ‘குள்ளநரி திருடக்கூடாது’ என்று சொன்னால் முகம் மலர்வதை இன்றும் பார்க்கலாம். டோரா தொடரின் ஆங்கில மூலத்தில் அந்த நரியின் பெயரும் திருடுவதைக் குறிக்கும் சொல்லும் ஒன்றோடொன்று ஒலிக்கும். அந்த விளையாட்டைத் தமிழில் கொண்டுவர வழியில்லை. அதற்குப் பதிலாக, நம் பாட்டி கதைகளில் ஏற்கெனவே உலவும் குள்ளநரியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எவ்வளவு நல்ல முடிவு என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. வாய்க்கு வாகான அந்தச் சொற்றொடரை எந்தக் குழந்தைக்கும் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் பதிலில் பெயர் போடுவதைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்தது. தமிழ் டப்பிங்கில் எங்கள் பெயர்கள் பெரும்பாலும் திரைக்கு வருவதில்லை. ஒருமுறை சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அஸ்தம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் இருந்த ஒரு சிறுமி, நான் ஒரு சிறு பாத்திரத்துக்குப் பேசிய வசனத்தை நான் இழுத்த அதே இழுப்போடு தன் தம்பியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்த்தேன், அது நான்தான் என்று சொல்லவில்லை. இறங்கிய பிறகு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த வசனத்தை நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். உங்கள் அப்பாவைப் போன்ற காதுடைய ஒருவர் எங்கோ ஒரு சுவருக்கு அப்பால் இருந்து, இந்த அணிலும் அந்த ஆசிரியையும் ஒரே பெண்தான் என்று கண்டுபிடித்திருப்பார் என்றால், எனக்கு அது போதும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பதில் 4: தறிவீடு

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டப்பிங் பேசும் அம்மையாரின் பதிலை இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். அவருடைய வணக்கத்துக்குக் கைகூப்பினார். வாத்தைப் பற்றிப் படித்தபோது தங்கைக்கு உடனே தொலைபேசியில் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன், இத்தனை ஆண்டு மறுத்ததற்கு அவளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

வேட்டைக்காரன் வேறு ஆள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்ததாம். பார்னி தொடர் வரும் நேரத்தில் அவர் முடித்த புடவையைக் கொடுக்கக் கடைவீதிக்குப் போய்விடுவாராம். ஆகவே அந்த மாற்றத்தைப் பற்றித் தம்மால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ஆனால் அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று உண்டு. மஞ்சள் குருவியை வளர்க்கும் அந்தப் பாட்டி ஒருத்தி இல்லை, இரண்டு பேர் என்று உறுதியாகச் சொல்கிறார். ஒரே முகம், ஒரே கொண்டை, ஒரே கண்ணாடி என்று நான் சொன்னதை அவர் பொருட்படுத்தவேயில்லை.

பதில் 5: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

இரண்டு பேர்தான். தொடக்கப் படங்களில் பாட்டியாகப் பேசியவர் பீ பென்னடெரெட். 1955 முதல் அந்தப் பொறுப்பு ஜூன் ஃபோரேயிடம் வந்து, அதன் பிறகு பல பத்தாண்டுகள் அவரிடமே இருந்தது. ஃபோரே 2017இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார். அந்தப் பழைய படங்களில் இவர்கள் பெயர்களும் திரையில் வந்தது அரிது.

இதே பென்னடெரெட்தான் பிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் 1960 முதல் 1964 வரை பார்னியின் மனைவி பெட்டியாகவும் பேசினார். அப்பா அந்தத் தொடரைக் கேட்டதில்லை என்பதால், பாட்டி வரும் ஒரு பழைய படத்தையும் பெட்டி வரும் ஒரு பகுதியையும் அடுத்தடுத்துப் போட்டு, முன்கூட்டி எதுவும் சொல்லாமல் அவரைக் கேட்கவைத்துப் பாருங்கள். என்ன சொன்னார் என்பதைத் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன்.