சத்திரத்தை விற்பது பற்றி

அண்ணன்மார், ஆச்சிமார் அனைவருக்கும் வணக்கம்.

நம்மூர்ச் சத்திரத்தை விற்றுவிடலாம் என்று போன வாரம் சிலர் எழுதியிருந்தீர்கள். ராமேஸ்வரம் யாத்திரைக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடக் கட்டியது, இன்றைக்கு யார் நடக்கிறார்கள் என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் வரும் பணத்தைக் கட்டியவர் வழிப் பங்காளிகள் பிரித்துக்கொள்ளலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தனியார் டிரஸ்ட் என்றால் நோக்கம் நிறைவேறாதபோது சொத்து எழுதிவைத்தவரிடமோ வாரிசுகளிடமோ திரும்பும். 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டம் அப்படிச் சொல்கிறது. தெய்வ காரியத்துக்கும் தருமத்துக்கும் விட்ட சொத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஊருக்கென்று விட்டது விட்டதுதான். காலம் மாறிப்போனால் பழைய தருமத்துக்கு மிக நெருக்கமான இன்னொரு தருமத்துக்கு அதைத் திருப்பலாம். அதையும் நாம் கூட்டம் கூடித் தீர்மானம் போட்டுச் செய்ய முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி, அந்தத் தருமத்தில் அக்கறையுள்ள இரண்டு பேராவது கோர்ட் அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும். சத்திரத்தை எழுதிவைத்த சாசனப் பத்திரம் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அதே 92ஆம் பிரிவில் 1976இல் சேர்த்த உட்பிரிவு அதற்கும் வழி வைத்திருக்கிறது: சாசனம் இல்லாவிட்டால் அந்தத் தருமத்தின் உட்கருத்தைப் பார்க்க வேண்டும். (கோயில் பூஜை, விழா போன்றவற்றுக்கென்று எழுதிவைத்த கட்டளைகளுக்கு இந்த வழி இல்லை. அவை 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்துக்குள் போய்விடும்.)

அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நம் தருமத்தின் நோக்கம் உண்மையிலேயே போய்விட்டதா? நிறைவேற்றக்கூடிய நோக்கம் இருக்கும்போது மதச் சொத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று 1954இலேயே ரதிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சத்திரத்து வாசல் கல்லைப் படித்துப் பாருங்கள். ‘பரதேசிகளுக்குப் பகல் சாப்பாடு’ என்றுதான் வெட்டியிருக்கிறது; பரதேசி என்றால் வெளியூரிலிருந்து வரும் வழிப்போக்கர். ராமேஸ்வரம் என்று எங்கேயும் இல்லை. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கும் நம் ஜனங்கள் பரதேசிகள் இல்லையா? குன்றக்குடி தாண்டி நத்தம், திண்டுக்கல் என்று கால் வீங்க நடப்பவர்களுக்கு ஒரு வேளைச் சோறு வேண்டாமா?

நம் பக்கத்தில் எத்தனையோ தருமங்கள் நின்றுபோனதற்குக் காரணம் பர்மா. அங்கே நம்மவர்களுக்கு வயல்கள் இருந்தன. ஜப்பான் படையெடுப்பால் 1942இல் ஓடி வந்தோம், 1948இல் அங்கே நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. அந்த வயல்களின் வருமானத்தை நம்பி இங்கே எரிந்த அடுப்புகள் அணைந்தன. வரும்படி நின்றதை நோக்கம் நின்றதாக எண்ணிவிடக் கூடாது. வரும்படிதான் குறை என்றால், நாலு நாட்டில் சம்பாதிக்கும் நாம் எதற்கு இருக்கிறோம்?

சமையற்கட்டு இன்னும் நன்றாகவே இருக்கிறது. கோட்டை அடுப்பில் விரிசல் இல்லை. பெரிய அண்டாக்களுக்கு ஈயம் பூசினால் போதும். அவற்றைப் பழம்பொருள் கடைக்கு விலை பேச வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவையும் தருமச் சொத்துதான்.

இப்போதைக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். பட்டா யார் பெயரில் நிற்கிறது என்று ஊரில் இருக்கும் யாராவது பார்த்துச் சொல்லுங்கள், வில்லங்கமும் போட்டுப் பாருங்கள். அப்புறம், அப்பச்சி காலத்துச் சத்திரக் கணக்கு நோட்டு யார் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தாலும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். அதுவரை விலை பேச வருகிறவர்களுக்கு யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.